சைரன் இறங்கும் இடம்

எங்கள் குவார்ட்டர்ஸ், மைன்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டை ஒட்டி இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்போது வீல் வீலென்று கத்திக்கொண்டு வரும். எங்கள் வாசலைத் தாண்டியதும் குரல் சட்டென்று இறங்கிவிடும். ஏன் இறங்குகிறது என்று அம்மாவை நச்சரித்தேன். சமையலும் துவையலுமாக அலுத்துப்போயிருந்த அம்மா, "உள்ள இருக்கிறவங்களுக்கு வலி கொறஞ்சிடுச்சுடி, ஆள வுடு" என்றாள். அப்படியே நம்பினேன். எங்கள் வாசலுக்கு வந்தால் எல்லோருக்கும் வலி குறைகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. அவர் ஷிப்டில் இருக்கும்போது சைரன் கேட்டால், அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். நான் வாசலுக்கு ஓடிப்போய், "எறங்கிடுச்சும்மா!" என்று கத்துவேன். கை மறுபடி நகரும். என் பேச்சை நம்பித்தான் நகர்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானமும் அப்படித்தான் கத்தினேன். ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வரவேண்டிய அப்பா இருட்டும் நேரத்தில் வந்தார். கூட கான்ட்ராக்டில் வேலை செய்த மாமா ஒருவருக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸில் நானும் போனேன் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம வூட்டாண்ட எறங்குச்சில்லப்பா?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே மாதிரிதான் கத்திகினு போச்சு."

நான் விடவில்லை. இறங்கியதை என் காதால் கேட்டேன், அப்பாதான் சரியாகக் கேட்கவில்லை என்று காலை உதைத்து அழுதேன். அதட்ட வந்த அம்மாவை அப்பா கையமர்த்தினார். ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாம்மா, எறங்குச்சு. நாந்தான் கவனிக்கல."

ஜெயித்த சந்தோஷத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பதினோராம் வகுப்பில் அது பாடமாக வந்தது. வண்டி நெருங்கும்போது ஒலி கூர்மையாகக் கேட்கும், விலகும்போது தாழும். வண்டிக்குள்ளேயே இருப்பவருக்கு மட்டும் மாறுவதே இல்லை. பரீட்சையிலும் எழுதினேன். இன்றைக்கும் வேலை முடிந்து அசந்துபோய் பஸ்ஸில் வரும்போது எங்காவது சைரன் கேட்டால், அது இறங்கும்வரை காது காத்திருக்கிறது. இறங்கிய பிறகும் எனக்கு ஆறுதலாக இல்லை.

நான் அழுது ஜெயித்த அந்த ராத்திரிக்கு மறுநாள் விடிந்ததுமே, அப்பா பழைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பினார். அந்த மாமாவின் ஊர் அது. வலி குறைந்தவரைப் பார்க்கத்தான் போகிறார் என்று நான் வாசல்வரை ஓடினேன்.

"மாமாவ நான் கேட்டேன்னு சொல்லுப்பா."

"சொல்றேம்மா" என்றார்.