அஞ்சு மணி பஸ் ஜாதகம்

அமீருன்னிசாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். எதையாவது மூடி வைத்திருந்தால் திறந்து பார்த்தாக வேண்டும். கல்யாணத்துக்கு வந்த டைம்பீஸைப் பிரித்து, மறுபடி பூட்டி, இரண்டு திருகாணியை மிச்சம் வைத்தவள். டைம்பீஸ் என்னவோ ஓடியது. அப்படியானால் அந்த இரண்டும் எதற்கு இருந்தன என்ற கேள்விதான் அவளை விடவில்லை.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். 1988இல், முப்பது வயதில், தர்மபுரியில் மாதப்பன் திறந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜாதகமே பார்க்காத வீட்டுப் பெண் ஊரார் ஜாதகத்தையெல்லாம் தட்டுகிறாளே என்று தெருவில் கேலி செய்தார்கள்.

"நான் எங்க பாக்கறேன்? அது பாக்குது, நான் பட்டனைத் தட்டறேன்," என்பாள்.

பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் திரையில் கட்டம் வரும். அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு ஃபைலாக ஃபிளாப்பியில் போட்டு வைப்பாள். சம்பந்தம் பேசுகிறவர்கள் கடைக்கு வந்து கேட்டால் மாதப்பன் எடுத்துக் காட்டச் சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை நஞ்சம்மாள் வந்தாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. மகளின் ஜாதகத்தை இங்கேதான் போட்டாள். செவ்வாய் தோஷம் என்று வந்தது. பார்த்த இரண்டு இடமும் நழுவிவிட்டன.

"நேரம் தப்புங்கம்மா. அஞ்சு மணி பஸ் ஆரன் அடிக்கறப்ப பொறந்தாள்னு சொன்னேன். நேத்துதான் எங்க நாத்தனா சொல்றா, அன்னிக்கி அவ அந்த பஸ்லதான் வந்தாளாம். டயர் வெடிச்சு ஏழு மணிக்குத்தான் ஊருக்கு வந்துச்சாம். வலியில கெடந்தவளுக்கு வெளிய இருட்டிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

கடிகாரம் இல்லாத வீடுகள். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் பிறந்தது பஸ் நேரத்தில்தான். அமீருன்னிசா ஏழு மணி என்று தட்டிப் பார்த்தாள். லக்னம் மாறியது, தோஷத்தைக் காணோம். நஞ்சம்மாள் அங்கேயே அழுதுவிட்டாள்.

"வெள்ளிக்கெழமை மூணாவது எடம் இங்க வருதுங்க. பழசு அவங்க கண்ணுல பட்டா, நாங்களே நேரத்தை மாத்திப் போட்டுட்டோம்னு சொல்லுவாங்க. இந்த எடமும் போயிரும். அதை அழிச்சுருங்கம்மா."

அமீருன்னிசா அழிக்கச் சொல்லித் தட்டினாள். அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி தட்டினாள். அதே பதில். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர் வித்த சேலத்துக்காரங்ககிட்டச் சொல்லி எல்லாத்துக்கும் பூட்டுப் போட்டிருக்கேன்," என்றார் மாதப்பன். "உசுரோட இருக்கற பொண்ணு ஜாதகத்தை அழிக்கலாமாம்மா? செத்தவங்களோடதைத்தான் ஆத்துல விடுவாங்க. எங்கடையில அந்தப் பாவம் வேணாம்."

"அண்ணே, அஞ்சு மணிக்குப் பொறந்த பொண்ணே கெடையாதே! இல்லாதவ ஜாதகத்துக்காக இருக்கறவளை வூட்டுல உக்கார வெக்கலாமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, நீயாச்சு அதாச்சு," என்று மாதப்பன் டீ குடிக்கப் போய்விட்டார்.

கம்ப்யூட்டரோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை அமீருன்னிசா மடியில் வைத்துக்கொண்டாள். பாதி புரிந்தது, பாதியைத் தட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டாள். புதன்கிழமை பூட்டைக் கழற்றும் கட்டளை கிடைத்தது. கழற்றினாள், அழித்தாள். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவளோ, போனது எங்கே போனது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அழித்தால் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் போகுமாம். உள்ளே இருப்பது, அதன் மேல் வேறு ஏதாவது எழுதும் வரை அப்படியே கிடக்குமாம். அடப் பாவமே, இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுப் போனாள். மற்ற ஜாதகங்களையெல்லாம் புது ஃபிளாப்பிக்கு நகல் எடுத்து, பழைய ஃபிளாப்பியை அடியோடு துடைத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை நஞ்சம்மாள் முன்னாடியே வந்து அமீருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தன் வந்தார். புது ஜாதகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பழைய ஜாதகம்.

"புரோக்கர் போன மாசமே குடுத்துட்டாருங்க. கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் எடுங்க. எது நெசம்னு வெச்சுப் பாக்கலாம்."

நஞ்சம்மாளின் முகம் வெளுத்தது. மாதப்பன் ஃபேனைப் பார்த்தார். அது இல்லை என்று சொன்னால் கோவிந்தன் திருட்டுத்தனம் என்பார். காப்பாற்றுவதற்காகச் செய்த வேலையே காலை வாரிவிட்டதே.

"நான்தான் அழிச்சேங்கய்யா," என்றாள் அமீருன்னிசா. பஸ் கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.

"நெசமா இருந்தா எதுக்கும்மா அழிக்கணும்?"

"நீங்க நம்ப மாட்டீங்கன்னு பயந்துட்டோமுங்க. இருங்க."

அதே தேதி, அதே ஊர், நேரம் அஞ்சு மணி என்று தட்டினாள். இரண்டே நிமிடத்தில் பழைய கட்டம் திரையில் வந்து நின்றது. அவர் தாளில் இருந்ததற்கும் இதற்கும் ஓர் எழுத்து மாற்றமில்லை. நாலு நாள் மல்லுக்கட்டி ஒழித்தது! அமீருன்னிசாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அதிசயமாகவும் இருந்தது. அது ஃபிளாப்பியில் இருந்ததே இல்லை, அந்த அஞ்சு மணியில்தான் இருந்திருக்கிறது.

"நேரத்தை மாத்தினா இது வருது, அது வருதுங்க. எது நெசம்னு அந்த பஸ்ஸைத்தான் கேக்கணும்."

கோவிந்தன் தாளை மறுபடி மடித்தார். "அதே பஸ்தான் எங்கூருக்கு அஞ்சே காலுக்கு வரும்," என்றார். "எங்க பையன் பொறந்ததும் அந்த பஸ் வந்தப்பதான்."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அமீருன்னிசாவால் முடியவில்லை.

"அன்னிக்கி பஸ் கரெக்டா வந்துச்சுங்களா, ஐயா?"

நஞ்சம்மாள் மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். கோவிந்தன் அமீருன்னிசாவையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"யாரு கண்டா?" என்றபடி பழைய தாளை நஞ்சம்மாளிடமே கொடுத்தார். "நாள் பாருங்கம்மா."

அந்த அஞ்சு மணி ஜாதகத்தைச் சேமிக்கவா, வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்தது. அமீருன்னிசா மாதப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னைய ஏம்மா பாக்கறே?" என்றார் அவர். வேண்டாம் என்று தட்டினாள்.