படத்தில் மீசை இருந்தது

நான் ரங்கூனில் தமிழ் ஆசிரியன். விடுப்பில் அவனியாபுரம் வந்திருந்தபோது அப்பா காலமானார். ஒரே மகனான நான் தலையையும் மீசையையும் மழித்துக் கொள்ளி வைத்தேன்.

காரியம் முடிந்து சென்னைத் துறைமுகம் போனேன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது வேற ஆள். அடுத்தவன் பாஸ்போர்ட்ல போறியா?"

படத்தில் அடர்ந்த முடியும் முறுக்கு மீசையும். மொட்டைத் தலையைத் தொட்டுக் காட்டினேன்; அவர் நம்பவில்லை. கப்பல் சங்கு ஊதியது. வேலை போனது என்றே நினைத்தேன்.

மதுரையிலிருந்து ரயிலில் உடன் வந்த ஜவுளி வியாபாரி ராவுத்தர் முன்னால் வந்தார். "ரங்கூன்ல எம் மகனுக்கு இவருதாங்க வாத்தியாரு. தகப்பன் மவுத்தாப் போயி மொட்டை போட்டிருக்காரு" என்றார். அதிகாரி முத்திரை குத்தினார். கப்பலேறினேன்.

ரங்கூனில் இறங்கியதும் மொட்டைத் தலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். இப்போது ஊருக்கு வரும்போதெல்லாம் அதையும் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு வயதாகிறது.