இடது கால் முதலில்

உள்ளங்காலில் கோலமாவு ஒட்டினால் ஒரு நறநறப்பு இருக்கும், தெரியுமா? அதோடு சிவப்பு சிமெண்ட் தரையில் காலைத் தேய்த்து நகர்ந்தால் பல் கூசும்.

எனக்கு வால்ட்ஸ் டான்ஸ் என்றால் அந்த நறநறப்புதான்.

சிரிக்காதீர்கள். எழுபதுகளின் நடுவில், திருத்தணியில், தறி ஓடுகிற வீட்டில், நான் வால்ட்ஸ் கற்றுக்கொண்டேன்.

கல்யாணமாகி எட்டு மாதம் அப்போது. நான் ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் வீட்டுக்காரரை பாவா என்றுதான் கூப்பிடுவோம். என் பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே ஆபீஸ் கிளார்க் வேலை. காலையில் லோக்கலில் போவார், பொழுது சாய வந்துவிடுவார். தங்கமான மனுஷர். ஆனால் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "சாப்பாடு போடட்டுங்களா?" என்று கேட்டால், தூணைப் பார்த்து "ஆங்" என்பார்.

என்னைப் பிடிக்கவில்லையோ என்று கிணற்றடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது...

அந்தச் சமயத்தில்தான் டெஸ்மண்ட் சார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. டெஸ்மண்ட் சார், பாவாவின் ஹெட் கிளார்க். ஆங்கிலோ இந்தியர். அவர்கள் வீட்டு விருந்தில் கல்யாணமான ஜோடிகள் எல்லாரும் ஒரு ரவுண்டு வால்ட்ஸ் ஆட வேண்டுமாம். "யூ அண்ட் யுவர் மிஸஸ் ஆல்சோ, மேன்" என்றிருக்கிறார். நம்ம ஆளுக்கு மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்ல வாய் வருமா? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

பத்து நாள் லஞ்ச் டைமில் டெஸ்மண்ட் சாரே பழைய ஃபைல் அறையில் நின்று சொல்லிக் கொடுத்தார். பொம்பளை பார்ட்டும் அவரேதான். ஆறடி உயரம், பெரிய மீசை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பழகின பாவா, வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முன் கூடத்தில் அத்தை, பாவாவின் அம்மா, தறியில் இருப்பார். பின்னறையில் நாங்கள். தறிச் சத்தத்தில் நாங்கள் எண்ணுவது வெளியே கேட்காது.

"தரையில ஒரு கட்டம் இருக்கறதா நெனச்சிக்க" என்றார், ஜன்னலைப் பார்த்து. நினைப்பானேன்? கோலமாவு டப்பாவை எடுத்து வந்து கட்டமே போட்டுவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். ஆண் இடது காலை முன்னால் வைப்பார். அதே நேரம் பெண் வலது காலைப் பின்னால் வைக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் ஓர் அடி, அப்புறம் காலைச் சேர்ப்பது. ஒண்ணு, ரெண்டு, மூணு. அடுத்த மூணில் அப்படியே திரும்பி வந்தால் கட்டம் முடிந்தது. ஓட்டுகிறவர் ஆண், கூடப் போகிறவள் பெண். டெஸ்மண்ட் சார் சொன்ன சட்டம்.

எனக்குக் கஷ்டமே இல்லை. வலது காலை எடுத்து வைத்துத்தானே அந்த வீட்டுக்குள் வந்தேன். இவருக்குத்தான் ஆகவில்லை. வீட்டுப்படி, ரயில்படி, மலைப்படி, எதுவானாலும் வலது காலை முதலில் வைத்தே வளர்ந்த உடம்பு. நல்ல காரியத்துக்கு இடது கால் எழும்பவே எழும்பாது. "ஒண்ணு" என்பார். வலது கால் வரும். என் இடது கால் கட்டைவிரல் நசுங்கும்.

"வலிக்குதா?" என்பார், தரையைப் பார்த்து.

"இல்லீங்க பாவா" என்பேன். பொய். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அதற்காக இன்னும் நாலு விரல் நசுங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ஒரு நாள் அத்தை பின்னறைக்கு வந்து தரை முழுக்க இருந்த வெள்ளைக் காலடிகளைப் பார்த்தார்.

"கிருஷ்ண ஜெயந்தி முடிஞ்சி நாலு மாசம் ஆவுது. அதுவும் கிருஷ்ணன் வூட்டுக்குள்ள வந்த மாரியும் கீது, திரும்பி ஓடிப்போன மாரியும் கீது. இன்னாடா பண்ணிகினு கீறீங்க?"

அத்தை என் வீங்கின விரலைப் பார்த்தார், பாவாவின் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போய் முன்னைவிட பலமாகத் தறியை அடிக்க ஆரம்பித்தார்.

கல்யாணத்தன்று ஹாலில் பாண்டு வாத்தியம், கேக் வாசனை, கவுன் போட்ட பெண்கள். பட்டுப்புடவையில் நான் ஒருத்திதான். இசை ஆரம்பித்தது. பாவா ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டார். சுற்றி எல்லா ஜோடியும் நகர்ந்துவிட்டது. டெஸ்மண்ட் சார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவாவின் ஷூவுக்குள் வலது கால் துடிப்பது எனக்குத் தெரிந்தது.

"பாவா, காலைப் பாக்காதீங்க" என்றேன். "என்னைப் பாருங்க."

பார்த்தார்.

எட்டு மாதத்தில் முதல் தடவை. பழுப்புக் கண் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அந்த நொடியில் அவருடைய இடது கையை என் வலது கையால் ஒரு அழுத்து அழுத்தினேன். இடது கால் தானாக முன்னால் வந்தது. ஒவ்வொரு ஒண்ணுக்கும் ஓர் அழுத்து. ஆடிவிட்டோம். டெஸ்மண்ட் சார் ஓடிவந்து அவர் முதுகில் தட்டி, "வெரி குட் லீட், மேன்" என்றார். பாவா நன்றாக ஓட்டினாராம். நான் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தூணுக்கும் ஜன்னலுக்கும் எங்கள் வீட்டில் மரியாதை குறைந்துவிட்டது.

இப்போது அந்த வீட்டில் தறி இல்லை. தரையில் வழுக்குகிற டைல்ஸ். போன மாதம் பாவாவுக்கு இடது முட்டியில் ஆபரேஷன். பயிற்சி கொடுக்க வருகிற பெண், "இடது காலை முதல்ல வைங்க ஐயா" என்று தினமும் சொல்கிறாள். இவர் வலது காலைத்தான் தூக்குகிறார்.

நேற்று அந்தப் பெண்ணை ஒதுங்கச் சொல்லிவிட்டு நான் முன்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இடது கையை ஒரு அழுத்து அழுத்தி, என் வலது காலைப் பின்னால் வைத்தேன். இடது கால் வந்தது.

அவர் காலைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கும் நீதானே ஓட்டின" என்றார்.

"தெரியுமா? அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா அழுத்தறத வுட்டுடுவியே."