எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது

அந்த அம்மா ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து, உள்சுவரைத் தடவி, விரலை முகர்ந்து பார்க்கிறார். ஈரமில்லை. அடுத்து வாசல் கதவைத் தட்டுகிறார். ஆறு வருடமாக யாரும் குடியிருக்காத வீடு.

"யாரு வந்து தெறக்கப் போறா?" என்கிறார் கணவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

"தெறக்கச் சொல்லியா தட்டுறேன்? கரையான் அரிச்ச கதவு பொத்துன்னு கேக்கும். இது கணீர்னு பேசுது பாருங்க."

ஊழியர்களுக்காகக் கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளை அரசாங்கம் ஏலம் விடுகிறது. கையெழுத்துப் போடும்வரை சாவி தரமாட்டார்கள்; வெளியில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப் பார்த்தே அந்த அம்மா பதினோரு வீடுகள் வாங்கி, செப்பனிட்டு விற்றிருக்கிறார். வீட்டுவசதி அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சாவிக்காரம்மா.

பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். தாகம் என்று நினைத்தால் ஏமாந்தோம். டம்ளர் காலியாவதற்குள் குழாயில் தண்ணீர் வரும் நேரம், சாக்கடை அடைப்பு, தெருவில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். ஏல அறையில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். "செருப்பு கடிச்சா கோவம் வரும். கோவம் வந்தா ரேட்டு ஏறும்."

இவர்கள் மட்டும் இன்னும் வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாமல். "ஊருக்கெல்லாம் வீடு பிடிச்சுக் குடுக்குறே. என் முட்டிக்கு ஒண்ணு பிடியேன்," என்று கணவர் படிக்குப் படி நின்று சொல்வார். இந்தத் தரைத்தள வீடு அந்த முட்டிக்காக. சாவிக்காரம்மா வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஏலத்தில் அவர் கேட்ட மூன்றாம் எண் வீடு அவருக்கே விழுந்தது. ஆனால் அவர் தட்டிப் பார்த்த கதவில் சாவி திரும்பவில்லை. எண்ணெய் விட்டார். திட்டினார். சாவியை ஒப்படைக்க உடன் வந்த குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இது பன்னண்டு. மூணு அந்தக் கோடில இருக்கு."

எண் தகடுகளை என்றோ யாரோ பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சாவிக்காரம்மா சாலையிலிருந்து எண்ணியிருந்தார். அலுவலகம் மறுகோடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து எண்ணுகிறது. பதினான்கு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. பன்னிரண்டு அன்று காலையே வேறொருவருக்குப் போய்விட்டது.

"பதினோரு வீடு வாங்கின நீங்களே இப்படி எண்ணினா, மத்தவங்க என்னக்கா பண்ணுவாங்க?"

"மத்தவங்க உங்களக் கேட்டிருப்பாங்க தம்பி. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

உண்மையான மூன்றாம் எண்ணில் சாவி ஒரே சுற்றில் திரும்பியது. ஓடுகள் சரிந்து, சமையலறையில் நின்றால் வானம் தெரிந்தது. சாவிக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒட்டிப் பூசி இதையும் வித்துடறேன். உங்களுக்கு வேற பாக்குறேன்."

கணவர் வாசலில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

"என்ன பண்றீங்க?"

"ஒரே ஒரு படி. ரெண்டு தடவ ஏறிட்டேன், முட்டி வாயத் தெறக்கல."

"மேல ஓட்டையா இருக்கே!"

"ஓட்டை உன் டிப்பார்ட்மென்ட். முட்டி என் டிப்பார்ட்மென்ட்."

குமாஸ்தா சிரித்துவிட்டார். சாவிக்காரம்மா சிரிக்கவில்லை, கூரையை அண்ணாந்து பார்த்து ஓடுகளை எண்ணத் தொடங்கினார். இந்த முறை இரண்டு பக்கத்திலிருந்தும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள். ஓடு, கீல், தாழ்ப்பாள், இரண்டு மூட்டை சிமெண்ட். கடைக்காரர் எழுதிக்கொண்டே வந்தார்.

"பெயின்ட் எப்பவும்போல வெள்ளைதானே?"

விற்கிற வீட்டுக்கு சாவிக்காரம்மா வெள்ளை தவிர வேறு அடித்ததில்லை. மேஜையிலிருந்த வண்ண அட்டையை எடுத்து முழுவதும் விரித்தார். கணவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.