பலகைக்கு மூக்கு எங்கே?

“கூரை போடுறவன் மொதல்ல வெயிலப் பாக்கணும், அப்புறம்...” என்று என் பெரியப்பா ஏதோ சொல்வார். அப்புறம் எதைப் பார்க்கணும் என்பது மறந்துவிட்டது. கூரைத் தொழிலில் நான் பட்ட பாடெல்லாம் அந்த மறந்துபோன பாதியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இருபது வருடம் ஜெர்மனியில் கட்டுமான வேலை. நாற்பத்தேழு வயதில் தேனிக்குத் திரும்பி, மூச்சுவிடும் கூரைப் பலகை விற்கக் கடை போட்டேன். மரநாரை அழுத்திச் செய்த கனமான பலகை. ஓட்டுக்கு அடியில் போட்டால் வெயிலின் சூட்டை உள்ளே விடாது. வீட்டுக்குள் சேரும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதைத்தான் மூச்சு என்கிறோம். யாரும் கேட்காத பொருளை விற்க உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

பீடிப் பரிசோதனை

கடை திறந்த வாரம் கம்பத்திலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். மூச்சுவிடும் பலகை என்று போர்டில் படித்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவர். ஒரு துண்டுப் பலகையைக் கையில் வாங்கினார், பீடியைப் பற்றவைத்தார், ஒரு இழுப்பு இழுத்து, பலகையில் வாயை வைத்து முழுமூச்சாக ஊதினார். அந்தப் பக்கம் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். புகை வரவில்லை. மூன்று முறை ஊதியதில் அவருக்குத்தான் இருமல் வந்தது.

புகை வேறு, நீராவி வேறு, அது கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாகப் போகும் என்று பத்து நிமிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பலகையை மேஜைமேல் மெல்லப் படுக்கவைத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “இதுக்கு மூச்சு நின்னு ரெம்ப நேரமாச்சுண்ணே. வீட்டுக்காரவுகளுக்குச் சொல்லிவிட்டீகளா?”

கோழிகள் சொன்ன தீர்ப்பு

ஏழு மாதம் கழித்துத்தான் முதல் வீடு கிடைத்தது. தேவாரத்தில் தமிழ்ச்செல்வி என்ற பெண். கணவர் செல்லப்பாண்டிக்கு ஏலக்காய் வியாபாரம், வாரத்தில் நாலு நாள் மலைக்கு மேலேயே இருப்பார். மண்கல் சுவர், ஓட்டுக்கூரை, ஃபேன் இல்லாமலே தூங்கக்கூடிய வீடு வேண்டும் என்றார் அந்த அம்மா. இந்த ஒரு வீடு ஒழுங்காக நின்றால் கடை நடக்கும், இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு பெங்களூருக்கு வேலை தேடிக் கிளம்ப வேண்டியதுதான் என்று நானும் என் மனைவியும் முடிவாகப் பேசியிருந்தோம்.

மூன்று கனத்தில் மூன்று பலகை கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே வெப்பக் கணக்குப் போட்ட ஆறு பக்கத் தாளும் கொடுத்தேன். தாளை மடித்து ஜன்னலில் சொருகிவிட்டு, கொல்லையில் செங்கல் அடுக்கி மூன்று பலகையையும் மூன்று குட்டிக் கூரையாக நிறுத்தினார். நல்ல உச்சிவெயில். நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து கோழியும் ஒவ்வொன்றின் கீழும் போய்ப் பார்த்து, கடைசியில் கனமான பலகைக்கு அடியில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டன. என் கணக்கிலும் அதே பலகைதான் வந்தது என்று தாளை எடுத்துக் காட்டினேன்.

“நீங்க படிச்சுட்டுச் சொல்றீகண்ணே,” என்றார் தமிழ்ச்செல்வி. “கோழி படுத்துப் பாத்துட்டுல்ல சொல்லுது.”

நாலு ஓட்டை

பலகை வந்து இறங்கிய அன்று நான் போய்ச் சேர அரைமணி நேரம் தாமதம். அதற்குள் மேஸ்திரி முதல் பலகையில் டிரில்லிங் மிஷினை வைத்து அழகாக நாலு ஓட்டை போட்டு, அடுத்த பலகைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவர் கோபிக்கவில்லை. எனக்காகத்தான் வருத்தப்பட்டார்.

“மூக்கு வைக்காம எப்படி சார் மூச்சு விடும்?”

வேர்க்கிற வீடு

பலகையை அடுக்கி முடித்த கையோடு எனக்குக் காய்ச்சல். ஓடு மேயும்போது நான் இல்லை. பால் காய்ச்சிக் குடியேறி, சாரல் தொடங்கிய மூன்றாவது வாரம் தமிழ்ச்செல்வி போனில் கூப்பிட்டார். “அண்ணே, வீடு வேர்க்குது.”

போய்ப் பார்த்தால், பலகையின் அடிப்பக்கம் ஈரம் பூத்திருந்தது. தொட்டால் விரல் நனைந்தது. டீக்கடையில் அதற்குள் ‘வேர்வைப் பலகை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏணி போட்டு ஏறி ஓடு ஒன்றை நகர்த்தினேன். உள்ளேயிருந்து ஆளுயர மீசையோடு ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஃபிளெக்ஸ். அந்த வீட்டுப் பிள்ளைகளின் காதணி விழாவுக்கு வைத்தது. மழையில் பலகை நனைந்துவிடக் கூடாதே என்று செல்லப்பாண்டிதான் கூரை முழுக்க விரித்து, அதன்மேல் ஓடு மேய்ந்திருக்கிறார். புதுச்சுவரின் ஈரமும் அடுப்பு ஆவியும் பலகை வழியாக மேலே ஏறிப் பிளாஸ்டிக்கில் முட்டித் திரும்பி வந்துகொண்டிருந்தன. எடுத்துவிட்டால் காய்ந்துவிடும், இன்னும் ஒரு மாதம் போனால் பலகை இற்றுவிடும் என்றேன்.

அங்கேதான் சிக்கல். மீசைக்காரர் பிள்ளைகளின் தாய்மாமன், தமிழ்ச்செல்வியின் அண்ணன். தன் படத்தைக் கூரையில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, “என் தங்கச்சி வீட்டுக்கு நான்தாண்டா கூரை” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். காதணி விழாவில் பந்தல் தூணுக்குப் பின்னால் தன் படம் மறைந்ததற்கே எட்டு மாதம் பேசாமல் இருந்த மனிதர்.

செல்லப்பாண்டி என்னிடம் சொன்னார்: “பலகைன்னா வேற மாத்திக்கிரலாம். மச்சான மாத்த முடியுமாங்க?”

கண்ணுக்குச் சேதமில்லாமல்

மேஸ்திரியை வரவழைத்தோம். ஃபிளெக்ஸை எடுக்கவே வேண்டாம், அங்கங்கே ஓட்டை போட்டு ஆவியை வெளியே விடலாம் என்றார் அவர். ஓட்டை போட்டால் மழைத்தண்ணீர் நேராகப் பலகையில் இறங்கும், அது இன்னும் மோசம் என்றேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. அவர் கவலை வேறு. “மாமா மொகத்துல போடாம சட்டையில மட்டும் போடுவோம். கண்ணுல பட்டுச்சுன்னா பாவமில்ல?”

“அவுக சட்டைதான் கூரையில முக்காவாசி,” என்றார் செல்லப்பாண்டி, நம்பிக்கை வந்தவராக.

தமிழ்ச்செல்வி இருவரையும் பார்த்தார். பிறகு தலைக்குமேல் சொட்டத் தயாராக நின்ற ஒரு துளியைப் பார்த்தார். கடைசியாக என்னிடம் திரும்பினார்: “எடுக்கிறதுன்னா எடுங்கண்ணே. ஆனா எங்கண்ணங்கிட்ட யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன், இவுகளும் சொல்ல மாட்டாக.”

மறுநாள் காலை ஓடுகளை இறக்கி, ஃபிளெக்ஸைக் கிழியாமல் உருட்டி, தோளில் போட்டுக்கொண்டு, தாய்மாமன் வீட்டுக்கு நடந்தேன்.