ஜெனரலின் பணி முறிவு

ரஜாய்ப் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது அந்துருண்டை வாசனை. டெல்லியில் எனக்குக் குளிர்காலம் பிறப்பதே அதில்தான். போன ஞாயிற்றுக்கிழமை, ஜனக்புரி வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துப்போட்டு, தும்மிக்கொண்டே ரஜாய்களை வெளியே எடுத்தேன். பஞ்சு அடைத்த அந்தப் போர்வை ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு கட்டு. ஆபீஸில் கோப்புத் தாள்களைக் கோப்பார்களே, இரண்டு முனையிலும் தகரம் வைத்த பச்சைக் கயிறு, அதைப் போட்டுக் கட்டியிருந்தது. பிரிக்கவே வேண்டாம், தெரிந்துவிட்டது. "வாங்க ஜெனரல்" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரஜாய்களை வெயிலில் போடுகிற வேலை அன்றைக்கு அவ்வளவுதான்.

ஜெனரல் என்றால் நம்மூர் ஜெனரல் இல்லை. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்தி ஜெயித்தாரே, பிறகு இரண்டு தடவை ஜனாதிபதியாகவும் இருந்தாரே, அந்தத் தாடிக்காரர். அவர் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. "உன் ஜெனரல்" என்பாள். எங்கள் வீட்டில் அதுவே நின்றுவிட்டது. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். நான் இன்னொரு அமைச்சகத்தில் குமாஸ்தா. பரீட்சை எழுதி வாங்கின வேலை. ஒன்றரை வருடம் தபால் உறைகளுக்கு எண் போட்டேன். வருகிற உறைக்கு ஒரு எண், போகிற உறைக்கு ஒரு எண். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடின கையோடு மூன்று வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று வரி இங்கிலீஷை இன்றைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பேன், எனக்கே அவ்வளவு பிடித்துப்போயிற்று. இருபத்து நாலு வயதில் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

வீட்டில் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று மூன்று நாள் தள்ளினேன். அதற்குள் அப்பாவுக்குச் சார்ட்டர்ட் பஸ்ஸில் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு காலனிக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் கட்டி ஒரு தனி பஸ்ஸில் ஆபீஸ் போய்வருவார்கள். சீட்டாட்டம், பஜனை, டிரான்ஸ்ஃபர் வம்பு எல்லாம் அதில் உண்டு. என் ஆபீஸ்காரர் ஒருவர் பஸ் நடுவில் நின்றுகொண்டு, "என்ன சார், பொண்ணு ரிசைன் பண்ணிட்டாளாமே, கல்யாணமா?" என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கிறது.

அப்பா வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அம்மாவைப் பார்த்து, "குவார்ட்டர்ஸ் போச்சு" என்றார். அதோடு என்னிடம் பேச்சு நின்றுபோயிற்று.

விஷயம் என்னவென்றால், அப்பா ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஓய்வு பெறுகிறவரின் பிள்ளையோ பெண்ணோ அரசாங்க வேலையில் இருந்து, அதே வீட்டில் கூடவே சில வருடம் வசித்திருந்தால், அவர்கள் பெயருக்கு ஒரு வீடு கிடைக்க வழி உண்டு. காலனியில் பாதிப் பேர் அப்படித்தான் தங்கினார்கள். இருபது வருடம் வாழ்ந்த இடம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே அப்பா வைத்த கறிவேப்பிலை ஒவ்வொரு டெல்லிக் குளிருக்கும் செத்து, ஹோலிக்குள் துளிர்த்துவிடும். அத்தனையையும் நான் மூன்று வரியில் முடித்துவைத்துவிட்டேன். எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். "ஏங்க, தயிர் வேணுமான்னு கேக்கறா" என்பாள் அம்மா. "வேணும்னு சொல்லு" என்பார் அப்பா. ஒரு நாள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று எழுந்து போனாள். அன்று அப்பா தயிர் இல்லாமல் சாப்பிட்டார்.

இந்த நிலைமையில்தான் தரியாகஞ்சில் ஒரு சின்னப் பதிப்பாளரைப் பிடித்தேன். உலகத் தலைவர்களின் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் புத்தகமாகப் பல இந்திய மொழிகளில் போட்டுக்கொண்டிருந்தார். "தமிழ் ஆத்தீ ஹை?", தமிழ் வருமா என்று கேட்டார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். பத்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம்தான், பொய்யில்லை. ஆனால் 'சீக்கிரம்' வரவேண்டிய இடத்தில் ஒரு 'ஜல்தி' போடாமல் ஒரு வாக்கியம் எனக்குப் பேச வராது. வருகிற வழியிலேயே நடைபாதைக் கடையில் ஒரு பழைய அகராதி வாங்கிக்கொண்டேன். முதல் புத்தகம் ஜெனரல்.

சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். முதல் அத்தியாயத்தை எழுதி மேஜையில் வைத்துவிட்டுக் காலையில் பால் பூத்துக்குப் போய்வந்தேன். தாளின் இடது ஓரத்தில் அப்பாவுடைய மைப்பேனாவின் நீல மையில் ஏதோ இருந்தது. ராணுவப் பள்ளியில் சேரும்போது யாரோ தப்பாக எழுதிக்கொடுத்த பெயரே கடைசிவரை ஜெனரலின் பெயராகிவிட்டது என்று நான் எழுதியிருந்தேன். அதற்கு நேரே: "பெயர் மாற்றத்துக்கு கெஜட் அறிவிப்பு உண்டா? சரிபார்க்கவும்." கீழே சாய்வாகச் சுருக்கொப்பம், தேதி.

அப்பாவை அறிந்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். முப்பது வருடம் கோப்பு பார்த்த கை. எழுதின தாள் எதிரில் கிடந்தால் அது சும்மா இருக்காது. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில்கூட "பார்த்தேன்" என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டுத்தான் அலமாரியில் வைப்பார். நான் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, "கெஜட் இல்லை. பள்ளிப் பதிவேடே ஆதாரம்" என்று கீழே எழுதி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் "சரி" என்று இருந்தது. என்னிடம் சொல்லாத ஒரு 'சரி', ஜெனரலிடம் சொல்லியாயிற்று!

இரண்டாம் அத்தியாயத்தில் ஜெனரல் வேலையை விடுகிறார். அப்போது அவர் ஜெனரல் இல்லை, வெறும் கேப்டன். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு எங்கோ மேற்குக் கோடியில் கிடந்து, தாங்காமல் ராஜினாமா கொடுத்துவிட்டார். குடித்ததால் போகச் சொன்னார்கள் என்றும் பேச்சு. இந்தத் தாளை மற்ற தாள்களுக்கு அடியில் செருகித்தான் மேஜையில் வைத்தேன். ஓரத்தில் இரண்டு குறிப்பு வந்தது. "குடி: வதந்திக்கு ஆதாரம்?" என்று ஒன்று. இன்னொன்று: "ராஜினாமாவுக்கு முன் வீட்டில் யாரையாவது கலந்தாலோசித்தாரா?" கீழே, "இல்லை. கேட்டிருக்க வேண்டும்" என்று எழுதினேன். அதற்கு 'சரி' வரவில்லை.

அதற்கப்புறம் ஜெனரலுக்குக் கஷ்ட காலம். விவசாயம் பார்த்தார், விளங்கவில்லை. பழைய ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் விறகு விற்றார். கடைசியில் அவருடைய அப்பாவின் தோல் கடையில், தம்பிகளுக்குக் கீழே குமாஸ்தாவாக உட்கார்ந்தார். "தகப்பனார் வேலை கொடுத்தது பாராட்டத்தக்கது" என்று குறிப்பு வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாராட்டிக்கறாராம்! மூஞ்சியப் பாரு" என்றாள். ஆனால் அன்று முதல் இரண்டு தம்ளர் டீயை ஒன்றாக மேஜையில் வைக்க ஆரம்பித்தாள்.

போர் வந்ததும் ஜெனரல் மறுபடி படையில் சேர்ந்தார். நடுவில் வேலையில் இல்லாத வருடங்களுக்கு 'பணி முறிவு' என்று ஓரத்தில் ஆபீஸ் பெயர் வைத்தார் அப்பா. ஊரே வேண்டாம் என்று ஒதுக்கினவர் மூன்று வருடத்தில் மொத்தப் படைக்கும் தலைவரானபோது அப்பாவுக்குத் தாங்கவில்லை. "முதுநிலைப் பட்டியலில் எவரைத் தாண்டி?" என்று கேள்வி மேல் கேள்வி. ஜனாதிபதியானதும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஊழல் செய்தார்களா, "கீழ் அலுவலர்களைக் கண்காணிக்கத் தவறினார்" என்று கறாராக ஒரு வரி. நான் எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, பிறகு குறிப்பில்லாமல் நல்ல படியாக ஒரு நகல் எடுத்து அச்சகத்துக்குக் கொண்டுபோவேன்.

அங்கே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவர் பிஷன்லால் என்று ஒரு பீகார்க்காரர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பார், பிழை ரொம்பக் குறைவு. நான் விட்டுப்போன வரிகளை ஓரத்தில் எழுதுவது வழக்கம். அதனால், "பையா, ஓரத்துல இருக்கறதெல்லாம் உள்ள சேக்கணும்" என்று அவருக்கு இந்தியில் பாடம் சொல்லியிருந்தேன். பெரிய மேதை மாதிரி.

கடைசி அத்தியாயத்துக்குக் கெடு வந்துவிட்டது. நகல் எடுக்க நேரமில்லை. காலையில் முடித்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அப்பா ஆபீஸ் கிளம்பிப் போயிருந்தார். தாள்களை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மூன்று நாள் கழித்து புரூஃப் கொடுத்தார் பிஷன்லால். அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். கூட்டாளி ஏமாற்றி ஜெனரல் எல்லாவற்றையும் இழக்கிறார். தொண்டையில் புற்றுநோய். பெண்டாட்டி தெருவில் நிற்கக் கூடாது என்று, கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, பேச முடியாமல், தன் கதையைத் தானே எழுதுகிறார். முடித்துச் சில நாளில் போய்விடுகிறார். அதற்குச் சில மாதம் முன்புதான், ஜனாதிபதியாவதற்காக அவர் விட்டுக்கொடுத்த ஜெனரல் பதவியை நாடாளுமன்றம் திரும்பக் கொடுத்தது. அதுவரை நான் எழுதியது. அதற்கு அடுத்து, அதே எழுத்தில், அதே பத்தியில் இருந்தது இது:

"பணி முறிவு மன்னிக்கப்பட்டது. இந்த வீட்டிலும் அவ்வாறே செய்யலாம். குவார்ட்டர்ஸ் போனால் போகட்டும். பெண் நன்றாக எழுதுகிறாள். கோப்பை மூடலாம்."

சுருக்கொப்பத்தையும் தேதியையும்கூட விடாமல் அடித்திருந்தார் அந்தப் புண்ணியவான். என் கண்ணைப் பார்த்துவிட்டு, "கோயீ கல்தி, மேடம்?" என்று பதறினார். தப்பு ஒன்றுமே இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அழுதேன். அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது புரூஃபை அவர் முன்னால் வைத்து அந்த இடத்தில் விரலை வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஐயையோ! இதையும் அச்சுல ஏத்திட்டானா?"

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "யாருகிட்டங்க பேசறீங்க?"

"உம் பொண்ணுகிட்டதான். வேற யாருகிட்ட?"

அஞ்சு மாதத்துக்கு அப்புறம். "இருக்கட்டும்ப்பா, நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"கிறுக்கா உனக்கு? ஜெனரல் கதையில நம்ம கதை எதுக்கு? எடு என் பேனாவ." தானே அந்த வரிகளின் மேல் நேராகக் கோடு இழுத்து அடித்தார். "ஆர்டரைக் கையில குடுத்தாச்சு. கெஜட்ல வேண்டாம்."

ஓய்வு பெற்றதும் சொன்ன நாளுக்கு முன்னாலேயே சாவியைக் கொடுத்தார். கறிவேப்பிலையிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கி டால்டா டின்னில் வைத்து, மடியில் பிடித்தபடி ஜனக்புரி வாடகை வீட்டுக்கு டெம்போவில் வந்தார். குவார்ட்டர்ஸைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. நான் நாற்பது புத்தகம் மொழிபெயர்த்துவிட்டேன். பாதியாவது அப்பாவின் கேள்விகளோடு போனது. இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சார்ட்டர்ட் பஸ் போயிற்று. பதிப்பாளர் இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். பிஷன்லால் எங்கே என்று தெரியவில்லை. லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் போனால் எங்கள் கொடியில் யாருடைய துண்டோ காய்கிறது.

கட்டைப் பிரித்தேன். எந்த மழைக்கோ பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கிறது. அப்பாவின் நீல மை அத்தனையும் கரைந்து, ஓரங்களில் வெறும் கறையாக நிற்கிறது. என் பால்பாயிண்ட் பதில்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. "இல்லை. கேட்டிருக்க வேண்டும்." கேள்வி போய்விட்டது.

அடியில் புரூஃப் இருந்தது. கறுப்பு எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா அடித்த கோடும் நீல மைதானே, அதுவும் கரைந்து போயிருந்தது. பெண் நன்றாக எழுதுகிறாள் என்கிற வரியின் மேல் இப்போது கோடே இல்லை.

பேனாவை எடுத்து ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன்.