சாக்கடையில் வந்த வெள்ளைக் கட்டி

உருக்கிய கொழுப்பை ஊற்றி வைக்க அக்காவிடம் ஒரு பழைய தூக்குச்சட்டி இருந்தது. ஞாயிறுதோறும் மண்டி மொஹல்லா கறிக்கடையில் மாட்டுக் கொழுப்பு வாங்கி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வருவது என் வேலை. அக்கா அதைப் பொடியாக நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, சிறுதீயில் உருக்குவாள். வாசம் கிளம்புமுன் ஜன்னலைச் சாத்திச் சாம்பிராணி போடுவாள். அந்தக் கொழுப்பில் வதக்கிய கத்தரிக்காய்க்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் தின்றதில்லை.

மறைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் நான்தான். ஐந்து குடித்தனம் இருந்த அந்த வளவில் வீடு கேட்டுப் போனபோது வீட்டுக்காரம்மா முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான். சைவம் என்று சொல்லிவிட்டேன். நாலாவதோடு பள்ளியை விட்டவன், கூச்சக்காரன். நஞ்சன்கூடு கம்பெனியில் வேலை கிடைத்ததும், புருஷனை இழந்திருந்த அக்காவை எனக்குச் சமைத்துப்போடக் கூட்டிவந்தேன். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒரு மார்கழிக் காலை முற்றத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குத்திவிட வந்த ஆள் கம்பியால் வெள்ளைக் கட்டி ஒன்றை இழுத்துப் போட்டார். கூடி நின்ற குடித்தனக்காரர்கள் சோப்பு என்றார்கள். அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்து, மாட்டுக் கொழுப்பு என்றார். அக்கா கழுவி ஊற்றியதெல்லாம் குளிரில் உறைந்து குழாயில் சேர்ந்திருந்தது.

அந்தக் கன்னட ஊரில் வீட்டுக்காரம்மாவும் எங்களைப் போலத் தமிழ்தான். “சாம்பிராணி சாமிக்கில்ல போல” என்றார். பெண்கள் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார். சைவம் என்று சொன்னவன் நான்.

“எனக்குத் தெரியாதும்மா. அக்கா பண்றது.”

“அப்ப அவளே அள்ளட்டும். நீ இருந்துக்கோ, அவ இருக்கக் கூடாது.”

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு சாக்கடை ஓரம் குந்தி, வெறுங்கையால் அள்ளினாள். இஸ்திரி போட்ட சட்டையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாளி வெந்நீர்கூட ஊற்றவில்லை. பட்டுநூல் வேலை கிடைக்கும் என்று மத்தியானம் அவளைக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது அவள் கொள்ளேகாலில் பட்டுநூல் சுற்றிப் பிழைக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். போன மாதம் போனபோது வாசலிலேயே வாசம் பிடித்துவிட்டது. வாயில் எச்சில் ஊறியது. அக்கம்பக்கத்தார் நாலு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கொழுப்பில் சுட்ட ராகி ரொட்டியைப் போட்டாள். எனக்கு மட்டும் மூடி வைத்திருந்த வேறொன்றை எடுத்தாள்.

“தம்பிக்குத் தனியா சன்ஃப்ளவர் எண்ணெயில சுட்டுட்டனுங்க” என்று அவர்களிடம் சொன்னாள். “அவனுக்கு இதெல்லாம் என்னான்னே தெரியாதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, போட்டதைத் தின்றேன்.